பாத்திக்கரைச் சாவடியில் பயப்பெட்டி

"முதல்ல உக்காருங்க பெரியவரே. சாவடி சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கப் போகுது. இந்தாங்க, பானகம். ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கறனுங்க."

"ஓட்டுப் போட வந்த எடத்துல பானகமா? எந்தக் கட்சிம்மா நீங்க?"

"கட்சியெல்லாம் இல்லீங்க. தேர்தல் நடத்த வந்தவங்க. குடிங்க, குத்தமில்லை."

தளவாய் என்ற அந்தப் பெரியவர் குடித்தார். இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். பந்தல் நிழலில், மின்விசிறிக் காற்றில், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். குமுதவல்லிக்கு மனசு நிறைந்தது. கோபிசெட்டிபாளையத்தில் கல்யாண மண்டபம் நடத்துகிறவள் அவள். வந்தவர்கள் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வதே தொழில்.

அரசு ஊழியர்கள் தேர்தல் நடத்திய காலம் போய்விட்டது. இப்போது மக்களில் விருப்பப்பட்டவர்கள் பேர் கொடுக்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேரைக் குலுக்கி எடுத்து, அவர்கள் அதுவரை பார்த்தே இராத ஓர் ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய பாத்திக்கரைக்கு வந்த மூவரில் குமுதவல்லிதான் சாவடித் தலைவி. இரண்டாவது ஆள் லத்தீப், திண்டுக்கல்லில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத்தருகிறவர். மூன்றாவது நிரஞ்சனா. சென்னைப் பெண், பொறியாளர். கருவி அவள் பொறுப்பு.

"ம், போலாமா?" என்று எழுந்தார் பெரியவர்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு மேசை. அதன்மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை. பெரியவர் இடது கையை அதில் வைத்து, "பேரு தளவாய். ஊரு பாத்திக்கரை" என்றார். பலகை ஒருமுறை மின்னி அடங்கியது. வகுப்பறைக்குள், மறைப்புக்கு அந்தப் பக்கம், ஓட்டுப் போடும் தொடுதிரைக்கு முன்னால் இன்னொரு பலகை இருந்தது. அதில் கை வைத்தார்.

வாசலுக்கு மேலே இருந்த விளக்கில் சிவப்பு விழுந்தது.

"மறுபடியுமா?" என்றாள் குமுதவல்லி. "நல்லாத்தானே போனாரு! இந்தப் பொட்டிக்கு என்ன கேடு?"

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் அகச்சான்றுக் கருவி. ஊர் வைத்த பெயர் பயப்பெட்டி.

"கருவி சரியாத்தான் இருக்கு மேடம்" என்றாள் நிரஞ்சனா. "வாசல்ல இருக்கிற முன்பலகை, ஒரு ஆள் சாதாரணமா எப்படி இருக்காங்கன்னு எடுத்துக்கும். நாடி, வியர்வை, விரல் நடுக்கம், எல்லாம். பின்பலகை, ஓட்டுப் போடற நேரத்துல எப்படி இருக்காங்கன்னு பாக்கும். ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் வந்தா, யாரோ மிரட்டி அனுப்பியிருக்காங்கன்னு அர்த்தம். திரை திறக்காது."

"அர்த்தம்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார் லத்தீப்.

"நாங்கதான் சார். எங்க காலேஜ்ல வச்சுத்தான் சோதனை பண்ணோம். நானே கை வச்சிருக்கேன்."

"காலேஜ்ல எங்க வச்சு?"

"ஏசி ஹால்ல. ஏன் சார்?"

"சும்மா கேட்டேன்மா."

அந்தச் சட்டம் வந்தபோது நாடே கைதட்டியது. அடியாள் மிரட்டி ஓட்டு வாங்கும் காலம் முடிந்தது என்றார்கள். குமுதவல்லி மண்டபத்தில் லட்டுக் கொடுத்தாள். மிரட்டப்பட்டவருக்குச் சிவப்பு விழும். கொஞ்சம் ஆறுதலாக உட்கார்ந்துவிட்டு மறுபடி வரலாம். ஆனால் ஒருவருக்கு மூன்று தடவை சிவப்பு விழுந்தால் அவர் ஓட்டுப் போச்சு. ஊரில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு அப்படிப் போனால், அந்தச் சாவடியே ரத்து. மிரட்டல் நடந்த ஊரின் ஓட்டு மொத்த எண்ணிக்கையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாடு.

வெயில் ஏறுவதற்குள் பந்தலில் நாற்காலி போதவில்லை. எல்லாம் சிவப்பு வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள். குமுதவல்லி சளைக்கவில்லை. இன்னொரு குடம் பானகம் கரைத்தாள். கற்கண்டுத் தட்டை நீட்டினாள். ஓட்டுத் திரைக்குப் பக்கத்திலிருந்த ஜன்னலைச் சாத்தினாள். கடைசியில் தன் பையிலிருந்து பன்னீர்ச் செம்பையே எடுத்துவிட்டாள்.

"எக்கா, போதும்க்கா" என்றாள் ஒருத்தி. "இன்னும் ரெண்டு தடவை தெளிச்சா எங்களுக்கு மாலை போட்டு மேடையில ஏத்திருவிய போலிருக்கு."

பந்தல் சிரித்தது. சொன்னவள் சிரிக்கவில்லை. சுடலைவடிவு என்று பெயர். ஊர் கூப்பிடுவது வடிவு. நாற்பது வயதிருக்கும். உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்திருந்தது.

"உனக்கு எத்தனை செவப்பு விழுந்துது கண்ணு?"

"ரெண்டு விழுந்துட்டு. இன்னொண்ணு விழுந்தா நான் அம்புட்டுதான்."

"யாரைப் பாத்துப் பயம் உனக்கு? சொல்லு, நான் போயிக் கேக்கறேன்."

வடிவு வாயால் சொல்லவில்லை. தாடையால் காட்டினாள். சாலையில், நூறு மீட்டர்க் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு ஜீப் நின்றது. பெரிய குடை விரித்து, அதன் கீழ் மடக்கு நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் என்ன பண்றாரு?"

"ஒண்ணும் பண்ணல. நுங்கு திங்காவ."

"அப்புறம் என்ன?"

"அவுகதான் பால்துரை அண்ணாச்சி. நாங்க உப்பு வாருத அளம் அவுகளுது. நேத்து வீடு வீடா வந்தாவ. சிரிச்ச முகமாத்தான். 'எவனுக்கு வேணும்னாலும் போடுங்க தாயி, நான் கேக்கவே மாட்டேன். நீங்க குடியிருக்கிற வீடு என் இடத்துல நிக்கிங்கிறத மட்டும் மறந்திராதிய'ன்னாவ. அம்புட்டுதான். வேற ஒரு வார்த்தை கிடையாது."

"யாருக்குப் போடணும்னு சொல்லலையா?" என்றார் லத்தீப்.

"எதுக்குச் சொல்லணும் பாய்? முன்னெல்லாம் இன்னாருக்குப் போடுன்னு மிரட்டுவாவ. நாங்களும் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சின்னு தலையை ஆட்டிட்டு, உள்ள போயி எங்க மனசு போல அமுக்கிட்டு வந்துருவோம். அவுகளுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பெட்டி வந்த பொறவு அந்தக் கஷ்டமே இல்ல. சும்மா மிரட்டினாப் போதும். மிச்சத்தைப் பெட்டி பாத்துக்கிடும்."

நிரஞ்சனா திரும்பி வாசல் விளக்கைப் பார்த்தாள்.

"இந்த ஊரு ஓட்டுச் செல்லாமப் போனா அவருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார் லத்தீப்.

"போன தேர்தல்லயே இந்தச் சாவடி ரத்து. ஓட்டே இல்லாத ஊருக்கு எவன் வருவான்? எம்பியும் வரல, அதிகாரியும் வரல. தண்ணிக் குழாய் பக்கத்து ஊரோட நின்னுட்டு. உப்பு விளையுத மண்ணுல தோண்டினா என்ன வரும்? லாரித் தண்ணிதான். லாரி ஆருதுன்னு நான் வேற சொல்லணுமா?"

மூன்று பேரும் குடையைப் பார்த்தார்கள். குடைக்குக் கீழேயிருந்து பால்துரை கையை உயர்த்தி வணக்கம் போட்டார்.

"இன்னைக்கும் ரத்தாச்சுன்னா, இன்னும் அஞ்சு வருசம் நாங்க இல்லாத ஊருதான்" என்றாள் வடிவு. "என்னால ஆகிரக் கூடாதேன்னு நினைக்கேன். நினைக்க நினைக்கக் கை கூட நடுங்குது. இந்தச் சனியன் அதையும் கணக்குல எடுக்கு."

அந்த நேரத்தில்தான் சாலையில் கூச்சல் கேட்டது.

"கண்ணு தெரியலயால ஒனக்கு? கருவாட்டுப் பாய் மேலயா சக்கரத்த ஏத்துவ? எடுல! எடுங்கேன்ல!"

ஒரு பெண் ஜீப் டிரைவரை விளாசித் தள்ளிவிட்டு, அதே வேகத்தில் சாவடிக்குள் நுழைந்தாள். குமுதவல்லி பானகத்தோடு எதிரே போனாள்.

"கொஞ்சம் உக்காந்து ஆசுவாசப்…"

"உக்காரவா வந்தேன்? நவுளுங்கம்மா! எங்க கை வைக்கணும்? இங்கயா? பேரு இசக்கியம்மா! ஊரு இதுதான்! வேற எங்க போவேன்!"

முன்பலகை மின்னியது. உள்ளே போனாள். வாசல் விளக்கு எரிந்தது.

பச்சை.

இசக்கியம்மா ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரப் போய்விட்டாள். லத்தீப் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிரஞ்சனா, ஒண்ணு சொல்லும்மா. இந்தம்மா நாடி எப்படி ஓடியிருக்கும்?"

"ரொம்ப வேகமா. இவ்ளோ கோவத்துல வந்தாங்களே."

"வாசல்லயும் வேகம், உள்ளயும் வேகம்."

"ஆமா. வித்தியாசம் இல்ல. அதான் பச்…" நிரஞ்சனா நிறுத்தினாள். பந்தலைப் பார்த்தாள். நாற்காலி, விசிறி, பானகக் குடம், பன்னீர்ச் செம்பு. "ஐயோ."

"என்னுங்க ஐயோ?" என்றாள் குமுதவல்லி.

லத்தீப் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, கோச்சுக்காதீங்க. நம்மதான் கெடுத்திருக்கோம்."

"நாம என்னங்க கெடுத்தோம்? பன்னீர் தெளிச்சது ஒரு குத்தமா?"

"அதுதான்மா குத்தம். வெயில்ல வந்தவங்களைக் குளிர வச்சு, சிரிக்க வச்சு, ஜீப்பை மறக்க வச்சு, அந்த முகத்தோட முன்பலகையில கை வைக்கச் சொல்றோம். இந்த ஆள் ரொம்பச் சாந்தமான ஆள்னு அது எழுதி வச்சுக்குது. அப்புறம் உள்ள போயித் தனியா நிக்கிறப்ப ஜீப் ஞாபகம் வருது. ஒரே தாவல். சிவப்பு விழாம என்ன விழும்?"

குமுதவல்லி பன்னீர்ச் செம்பை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இத்தனை வருசமா வந்தவங்களைக் குளிர வெச்சே பழகிட்டனே சாமி" என்றாள். "இவங்க ஓட்டையெல்லாம் நானே பானகம் ஊத்திக் கரைச்சுட்டனா?"

"எக்கா, விடுங்க" என்றாள் வடிவு. "பானகம் நல்லாத்தான் இருந்துது."

"அப்ப எல்லாரையும் கோவப்பட வைக்கலாமா? கருவாட்டுப் பாயை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றாள் குமுதவல்லி.

"கோவம் வேண்டாம்மா. உள்ள என்ன இருக்கோ அது போதும்." லத்தீப் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கிட்ட ஸ்கூட்டி கத்துக்க வர்ற பொம்பளைங்க எல்லாரும் நடுங்குவாங்க. ஆரம்பத்துல நானும் 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். எல்லாரும் கீழ விழுந்தாங்க. அப்புறம் வேற மாதிரி கேட்டேன். 'எதைப் பாத்துப் பயம்? லாரியா? சரி, லாரிக்குப் பயமா இருக்குன்னு சத்தமாச் சொல்லிட்டு ஏறுங்க.' ஏறி ஓட்டிட்டுப் போயிட்டாங்க. பயம் எங்கயும் போகலை. பின்சீட்ல உக்காந்து கூடவே வந்துச்சு. ஆனா கைப்பிடி அவங்க கையில."

நிரஞ்சனா தலையை ஆட்டினாள். ஒப்புக்கொள்கிற ஆட்டம் இல்லை. "சார், முன்பலகையிலயே பயத்தை ஏத்திவிட்டா வித்தியாசம் வராது, சரி. ஆனா இது கருவியை ஏமாத்தறது இல்லையா?"

"இப்ப நடக்கறதுதான் ஏமாத்து. மனசுல ஜீப் நிக்குது, வாயில பேரும் ஊரும் வருது. நான் உண்மையை வாசல்லயே சொல்லச் சொல்றேன்."

"நிஜமாவே மிரட்டலுக்குப் பணிஞ்சு ஒருத்தர் வந்தா? அவரும் இப்படிச் சொல்லிட்டு உள்ள போயிடுவாரே."

"போகட்டுமே. மறைப்புக்கு அந்தப் பக்கம் அவரும் திரையும் மட்டும்தானே? பணியறதா, கண்ணடிச்சுட்டுத் தன் இஷ்டத்துக்கு அமுக்கறதான்னு அவர் முடிவு பண்ணிக்குவார். அதுக்குத்தானேம்மா அந்த மறைப்பையே வச்சாங்க, அந்தக் காலத்துல?"

நிரஞ்சனா மெதுவாகச் சொன்னாள். "எங்க ஹால்ல கை வச்சவங்க யாருக்குமே பயம் கிடையாது சார். பயம் இருந்தாலே அது மிரட்டல்தான்னு நாங்க நினைச்சுட்டோம். பயந்துகிட்டே வந்து போடறவங்க இருப்பாங்கன்னு யாருக்கும் தோணலை."

"விதி என்ன சொல்லுது?" என்றாள் குமுதவல்லி. தலைவிக்குக் குரல் திரும்பியிருந்தது.

"முன்பலகையில கை வைக்கும்போது, வாக்காளர் தம் விருப்பப்படி ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லணும். அவ்ளோதான். பேரும் ஊரும் சொல்றது, எங்க காலேஜ்ல பண்ணதைப் பாத்து வந்த வழக்கம்."

"கேட்டுப் போடு எதுக்கும்."

நிரஞ்சனா கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். இயந்திரக் குரல் எடுத்தது. கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: "வாக்கியத்தின் பொருள் குறித்து விதியில் தடை ஏதும் இல்லை. சாவடியின் முடிவு தன்னார்வலர்களுடையது. நன்றி."

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை!" என்றாள் குமுதவல்லி. "தப்பாப் போனா நம்ம தலைதான். சரி. யார் முதல்ல?"

முதலில் போகிறவரின் சங்கடம் எல்லோருக்கும் புரிந்தது. வாசலில் நின்று சொன்னால் சாலைக்குக் கேட்கும்.

"நான் போறேன்" என்றாள் வடிவு.

"உனக்கு ரெண்டு விழுந்திருக்கு கண்ணு. ஒண்ணு மட்டும் விழுந்தவங்க யாராச்சும் போகட்டும். நாம நெனைக்கறது தப்பாப் போச்சுன்னா உன்ற ஓட்டு போயிரும்."

"ஒத்தச் சிவப்பு வாங்கினவளுக்குப் பாதிப் பயம்தான்க்கா இருக்கும். என் பயம்தான் முழுசு. இதுல பச்சை விழுந்தாத்தான் மத்தவளுவ நம்புவாளுவ."

வடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பலகைக்குப் போனாள். கை வைத்தாள். உதடு அசைந்தது.

"தெளிவாகச் சொல்லவும்" என்றது பலகை.

"ஆமாமா, நீயும் சேந்துக்கோ" என்று அதை ஒரு முறை முறைத்தாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"என் பேரு சுடலைவடிவு! பால்துரை அண்ணாச்சி என் வீட்டைப் பிரிச்சுப் போட்டுருவாவளோன்னு எனக்குப் பயமாயிருக்கு! நேத்துலேருந்து சோறு இறங்கல! இந்தா, இப்பக்கூடக் கை நடுங்குது! ஆனாலும் போடுதேன்!"

முன்பலகை மின்னியது. குடைக்குக் கீழே நுங்குக் கரண்டி நின்றுவிட்டது.

அவள் உள்ளே போனாள். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். குமுதவல்லி மண்டபத்தில் எத்தனையோ முகூர்த்தத்துக்கு நின்றிருக்கிறாள். இப்படி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதில்லை. விளக்கு எரியவே இல்லை. "என்னாச்சு?" என்றாள் யாரோ. "சும்மா இருட்டீ" என்றாள் இன்னொருத்தி.

எரிந்தது. பச்சை.

யார் முதலில் குலவை போட்டது என்று தெரியவில்லை. ஒரு வாயில் ஆரம்பித்து, பந்தல் முழுக்கப் பற்றி, உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பியது. வெளியே வந்த வடிவு, மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்து, அதை முதல்முறை பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"எப்படிட்டி இருந்துது?" என்று கேட்டார்கள்.

"சொல்லிட்டு உள்ள போனேனா, அங்க பயப்படதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல பாத்துக்கோ. வாசல்லயே காலி."

அதற்குப் பிறகு வரிசை சாலைவரை நீண்டது. குமுதவல்லி விசிறிகளை நிறுத்திவிட்டாள். "பானகம் ஓட்டுப் போட்டுட்டு வர்றவங்களுக்கு மட்டும்தான்!" என்று அறிவித்தாள். "யாரும் உக்காராதீங்க! நேரா வாங்க! உள்ளதச் சொல்லுங்க, போங்க!"

"பால்துரை அண்ணாச்சி வேலையை விட்டு நிறுத்திருவாவன்னு பயம்." பச்சை.

"அண்ணாச்சி தண்ணி லாரிய எங்க தெருவுக்கு அனுப்ப மாட்டாவன்னு பயம்." பச்சை.

"எனக்கு அண்ணாச்சிட்ட பயமில்ல. நான் போடப் போற ஆள எம் மவனுக்கு ஆவாது. தெரிஞ்சா ராத்திரிக்குச் சோறு போட மாட்டான்" என்றார் தளவாய்.

"யய்யா!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மானத்த வாங்காதிய! போட்டுட்டு வாங்க, சோறு உண்டு!"

பச்சை.

"எனக்கு இந்தப் பெட்டியைப் பாத்தாத்தான் பயம்" என்றாள் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். நிரஞ்சனா அதைக் கேட்டுச் சிரித்தாள்; பிறகு அவளுக்கு என்னவோ போலிருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கும் பச்சைதான்.

ஒருவன் மட்டும், "எனக்கு யாருக்கும் பயமில்ல" என்று மார்தட்டிவிட்டுப் போய்ச் சிவப்பு வாங்கி வந்தான். "போயி உண்மையைச் சொல்லுல" என்று வரிசையே சத்தம் போட்டது. திரும்ப வந்து தலையைச் சொறிந்தபடி, "அண்ணாச்சிக்குத்தான் பயம்" என்றான்.

பிற்பகல் முழுவதும் பள்ளிக்கூட வாசலிலிருந்து அந்த ஒரு பெயர் சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நடுங்கிய குரலில், கரகரத்த குரலில், கடைசிக் கடைசியாகச் சிரிப்பு அடக்கிய குரலில்கூட. மறுபடி மறுபடி சொல்லச் சொல்ல, அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் சாதாரணமாகப் புழங்க ஆரம்பித்துவிட்டது. குடைக்குக் கீழே நுங்கு தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

வெயில் சாய்ந்தபோது வரிசை முடிந்தது. ஊரில் ஒரு சிவப்பும் மிச்சமில்லை. "எண்ணத் தகுதி பெற்றது பாத்திக்கரை" என்று நிரஞ்சனா திரையைப் பார்த்துப் படித்தாள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பானகத் தம்ளரோடு அங்கங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நின்றவர்களெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள்.

பால்துரை வந்துகொண்டிருந்தார்.

"என்ன பாக்கிய? எனக்கு இங்கதான் ஓட்டு" என்றார். "நிலத்துக்காரன் இல்லியா."

"வாங்க, வாங்க" என்றாள் குமுதவல்லி. பழக்கத்தில் கை பன்னீர்ச் செம்புக்குப் போனது; லத்தீப் அதை மெல்லப் பின்னால் நகர்த்தினார்.

பால்துரை முன்பலகையில் கை வைத்து, "பால்துரை. பாத்திக்கரை" என்று கணீரென்று சொன்னார். உள்ளே போனார்.

சிவப்பு.

"மெஷின் கெட்டுப் போச்சு" என்று வெளியே வந்தார். மறுபடி வைத்தார். பேர் சொன்னார், ஊர் சொன்னார். அப்பா பேரும் சேர்த்துச் சொன்னார்.

சிவப்பு.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சிரிக்காதிய" என்று அதட்டினாள் வடிவு. அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, இன்னும் ஒண்ணுதான் இருக்கு. பேரு சொன்னா ஆவாது. உள்ளதச் சொல்லணும்."

"எனக்கென்ன பயம்?"

"அத எங்ககிட்டச் சொல்லுங்க, பரவாயில்ல. பெட்டி கேக்காதே."

"போகட்டும் விடு வடிவு" என்றாள் இசக்கியம்மா பின்னாலிருந்து. "ஒரு ஓட்டுக் கொறஞ்சா என்ன?"

"கொறையக் கூடாது. அவுக ஓட்டும் பாத்திக்கரை ஓட்டுதான். ஒரு தேர்தலு விட்டு இப்பத்தான் ஊரு எந்திரிச்சு நிக்கி. ஒண்ணு கூடக் கொறையக் கூடாது."

லத்தீப் அவர் பக்கத்தில் போனார். ஸ்கூட்டி கற்றுக்கொள்ள வந்தவரிடம் பேசுவது போலப் பேசினார். "அவசரமே இல்ல சார். எதைப் பாத்துன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டு ஏறிருங்க."

பால்துரை கையைப் பலகையில் வைத்தார். எடுத்தார். சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். மறுபடி வைத்தார். சுற்றி நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தார். காலையில் குடைக்குக் கீழேயிருந்து பார்த்த பார்வை இல்லை அது.

உதடு அசைந்தது.

"தெளிவாகச் சொல்லவும்" என்றது பலகை.

"இவளுவளப் பாத்தாத்தான்!" என்று வெடித்தார் பால்துரை. "இந்தா நிக்காளுவல்ல, இவளுவ! இத்தன பேரும் நாளைக்குப் பாத்தியில இறங்க மாட்டோம்னு சொல்லிட்டா நான் ஆரு? உப்ப நானா வாருவேன்? அத நினைச்சுத்தான் போன தேர்தலுக்கும் தூங்கல, இந்தத் தேர்தலுக்கும் தூங்கல! போதுமா?"

முன்பலகை மின்னியது.

உள்ளே போனார். விளக்கு தாமதிக்கவே இல்லை. பச்சை எரிந்தது.

குலவை எழவில்லை. இவ்வளவு காலம் தங்களுக்குத் தெரியாமல் தங்களிடமே இருந்த ஒன்றை யாரோ எடுத்துக் கையில் கொடுத்தது போலப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் வெளியே வந்தார். குமுதவல்லி அவர் விரலில் மை வைத்து, முறைப்படி ஒரு தம்ளர் பானகம் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை வடிவு காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, பக்கத்து ஊர்ல நிக்கிற தண்ணிக் குழாய் இங்க வரணும்னா உங்க இடத்தைத் தாண்டித்தான் வரணும். எந்த வழியாக் கொண்டாரலாம்?"

"பாத்துச் சொல்லுதேன் வடிவு."

"காலையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கிய. சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவளுக்குப் பின்னால் பாத்திக்கரைப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள்.

பால்துரை மை காயாத விரலை உயர்த்தி, அளத்தின் கிழக்குக் கரையைக் காட்டினார்.

"அந்த ஓரமா."